ஆச்சியின் ஓட்டு எந்தக் கரையில்?

ஸ்ரீவைகுண்டத்துக் கள்ளபிரான் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன்.

காலதூஷகன் என்று ஒரு திருடன் இருந்தான். தொழிலுக்குப் புறப்படும் முன் வைகுண்டநாதனைக் கும்பிட்டு விட்டுத்தான் போவான். திரும்பி வந்ததும் கிடைத்ததில் சரி பாதியைக் கோயிலுக்குக் கொடுத்து விடுவான். கணக்கு வழக்கில் வெகு யோக்கியன்! ஒரு நாள் அரண்மனையிலேயே கை வைத்து விட்டான். கூட்டாளிகள் அகப்பட்டுக் கொண்டார்கள். திருடன் ஓடி வந்து பெருமாள் காலில் விழுந்தான். பெருமாள் என்ன செய்தார்? திருடனுடைய உருவத்தைத் தாமே எடுத்துக் கொண்டு அரசன் முன்னால் போய் நின்றார். அதனால்தான் அவருக்குக் கள்ளபிரான் என்று பெயர் வந்தது என்கிறது ஸ்தல புராணம்.

பக்தர்களுக்கு இது பகவானின் கருணை. ஆனால் தேர்தல் அதிகாரி ஒருவரிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். "இது ஆள் மாறாட்டம் ஐயா! ஒரு வருஷம் வரை சிறை உண்டே!" என்பார்.

வேடிக்கை இருக்கட்டும். தேர்தல் நாளன்று நீங்கள் குளித்து, வெள்ளை உடுத்தி, வரிசையில் ஒரு மணி நேரம் நிற்கிறீர்கள். உள்ளே போனதும், "உங்கள் ஓட்டு ஏற்கெனவே பதிவாகி விட்டதே!" என்கிறார்கள். அல்லது, "உங்களுக்கு இந்தச் சாவடி இல்லை, வேறு சாவடி" என்கிறார்கள். அல்லது, "மணி ஆறாகி விட்டது, போய் வாருங்கள்" என்கிறார்கள். அப்போது என்ன செய்வது?

நம்மில் பெரும்பாலோருக்குத் தெரிந்தவை இரண்டே வழிகள். ஒன்று, வாசலில் நின்று கூச்சல் போடுவது. இரண்டு, "எக்கேடு கெட்டுப் போங்கள்" என்று வீட்டுக்குத் திரும்பி விடுவது. சட்டம் காட்டும் வழி வேறு. அந்த வழி ஒன்றுக்கு மூன்றாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேளை உண்டு.

தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்து வடகால், தென்கால் என்று இரண்டு வாய்க்கால்கள் பிரிந்து போகின்றன. அந்தப் பக்கத்து விவசாயியைக் கேட்டால் சொல்வார்: மடை திறந்திருக்கும் போது தண்ணீர் பாய்ச்சிக் கொள்ள வேண்டும், மடையை அடைத்த பிறகு எவ்வளவு சத்தம் போட்டாலும் வயல் நனையாது. தேர்தல் சட்டமும் அப்படித்தான். தேர்தலுக்கு முன்னால் ஒரு மடை, தேர்தல் நாளன்று ஒரு மடை, முடிந்த பிறகு ஒரு மடை. எது எப்போது திறக்கும் என்று தெரிந்து கொண்டால் பாதி வழக்கு ஜெயித்த மாதிரி.

முதல் மடை: முன்கூட்டியே

ஓர் ஆச்சியைக் கற்பனை செய்து கொள்வோம். வயது 80. வாய்க்காலுக்கு இந்தக் கரையில் வீடு. இத்தனை வருஷமாகத் தெருக்கோடிப் பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் போட்டவள். இப்போது பேரன் வந்து புதுச் சங்கதி சொல்கிறான்.

"ஆச்சி, இந்தத் தடவை நமக்கு அந்தக் கரையில போட்டிருக்காவ."

"அந்தக் கரையிலயா? பாலத்தைச் சுத்தில்லா போகணும்? எவம்ல சொன்னான்?"

"லிஸ்ட்ல இருக்கு ஆச்சி."

"அப்பம் நான் ஓட்டே போடல, போ!"

ஆச்சியின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. காகிதத்தில் பார்த்தால் இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே கூப்பிடு தூரம்தான். கால் நடையில் அது வேறு கணக்கு. ஆறும் வாய்க்காலும் குளமும் உள்ள சீமையில் தண்ணீர் என்றால் என்ன என்பதை 2023 டிசம்பரில் எல்லாரும் பார்த்தோம். அந்த மாதம் 17-ந் தேதி இரவு, திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் வெள்ளத்துக்கு நடுவே நின்று விட்டது. ஏறத்தாழ 800 பிரயாணிகள் அதில் மாட்டிக் கொண்டார்கள். பக்கத்து ஊர் கண்ணுக்குத் தெரியும். போக வழி இராது!

ஆனால், "ஓட்டே போடல" என்று ஆச்சி வீட்டில் உட்கார்ந்து விட்டால் சாவடி இந்தக் கரைக்கு வந்து விடுமா? ஓட்டுப் போடாமல் இருப்பதும் ஒரு போராட்டம்தான். 2024 பார்லிமெண்டுத் தேர்தலில் தூத்துக்குடி மாவட்டத்துப் பொட்டலூரணி மக்கள், மீன் கழிவு ஆலைகளை மூட வேண்டும் என்று கோரித் தேர்தலைப் புறக்கணித்தார்கள். ஊர் முழுவதும் ஒன்று கூடி எடுத்த முடிவு அது. நாடே திரும்பிப் பார்த்தது. ஆச்சியின் விஷயம் அப்படி அல்ல. அவளுக்கு வேண்டியது ஓட்டுப் போட ஓர் இடம். ஓட்டை விட்டு விட்டு ஓட்டுப் போடும் இடத்தை ஜெயிப்பது எப்படி?

சாவடியின் இடத்தை யார் தீர்மானிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். 1951-ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின்படி, மாவட்டத் தேர்தல் அதிகாரியாகிய கலெக்டர்தான் சாவடிகளை ஏற்படுத்துகிறார். ஆனால் அவர் இஷ்டம் போல் செய்ய முடியாது. தேர்தல் கமிஷனின் சம்மதத்தை முன்கூட்டிப் பெற வேண்டும். அதற்கும் முன்னால், வரைவு ஜாபிதா ஒன்றைப் பொது ஜனங்கள் பார்வைக்கு வைத்து, ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும். கட்சிக்காரர்களைக் கூப்பிட்டு அபிப்பிராயம் கேட்கிறார்கள். அவர்களை மட்டும் அல்ல, உங்களையும் கேட்கிறார்கள். நாம்தான் அந்தச் சமயத்தில் வேறு வேலையாக இருந்து விடுகிறோம்!

இடம் பார்ப்பதற்குக் கமிஷன் சில விதிகளை வகுத்திருக்கிறது. வாக்காளர் நடக்க வேண்டிய தூரம் சாதாரணமாக 2 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஆறு, மலை முதலிய இயற்கைத் தடைகளைத் தாண்டி வரும்படி வைக்கக் கூடாது. சாவடி தரைத் தளத்தில் இருக்க வேண்டும். முடியாதவர்களுக்குச் சாய்வுப் பாதை வேண்டும். போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, கோயில் ஆகியவற்றில் சாவடி கூடாது. 200 மீட்டருக்குள் கட்சி ஆபீஸ் இருக்கக் கூடாது. ஒரு சாவடிக்கு இத்தனை வாக்காளர்தான் என்று உச்ச வரம்பும் உண்டு. 1,500 என்று இருந்த அந்த வரம்பை 2025-இல் கமிஷன் 1,200 ஆகக் குறைத்தது. அதனால் பல ஊர்களில் பழைய சாவடிகளைப் பிரித்துப் புதியவை ஏற்படுத்த வேண்டி வந்தது. பிரிக்கும் போதுதான் ஒரு தெரு இந்தக் கரைக்கும் இன்னொரு தெரு அந்தக் கரைக்கும் போகிறது!

ஆகவே ஆச்சியின் பேரன் செய்ய வேண்டியது இதுதான். ஒரு மனு எழுத வேண்டும். "எங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது" என்று பொதுவாகப் புலம்பினால் போதாது. தொகுதி 216, ஸ்ரீவைகுண்டம். சாவடி நம்பர் இன்னது. எங்கள் தெரு இன்னது. நடந்து போகும் வழி இத்தனை தூரம். நடுவில் வாய்க்கால் இருக்கிறது. இந்தக் கரையிலேயே இன்ன கட்டடம் தரைத் தளத்தில் தயாராக இருக்கிறது. இப்படிக் கணக்காக எழுத வேண்டும். தெருவில் உள்ளவர்களிடம் கையெழுத்து வாங்கி, தாலுக்கா ஆபீஸிலும் கலெக்டர் ஆபீஸிலும் கொடுத்து, கொடுத்ததற்கு ரசீது வாங்கிக் கொள்ள வேண்டும். நகல் ஒன்று சென்னையில் உள்ள தலைமைத் தேர்தல் அதிகாரிக்கு.

மனுவைத் தள்ளினால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 1977-இல் பஞ்சாபின் பிரோஸ்பூர்த் தேர்தல் சம்பந்தமாக நடந்த மொஹிந்தர் சிங் கில் வழக்கில் சுப்ரீம் கோர்ட் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அதிகாரி தம் உத்தரவில் எழுதிய காரணத்தை வைத்துத்தான் அந்த உத்தரவின் நியாயத்தைப் பார்க்க வேண்டும். பிறகு புதுக் காரணங்களைக் கோர்த்துக் கொண்டு வரக் கூடாது. பதிலே வராவிட்டால், 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

பெயரே ஜாபிதாவில் இல்லை என்றால் அது வேறு மனு. புதிதாகச் சேர 6-ஆம் நம்பர் பாரம். விலாசம் மாறினால் 8-ஆம் நம்பர் பாரம். அங்கே அதிகாரியின் முடிவு விரோதமாக வந்தால் 15 நாளுக்குள் கலெக்டரிடம் அப்பீல் செய்யலாம். அவரும் கைவிட்டால் 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் போகலாம்.

இன்னொரு சலுகையும் உண்டு. 2024 தேர்தலிலிருந்து 85 வயது தாண்டியவர்களும், 40 சதவிகிதத்துக்குக் குறையாத ஊனம் உள்ளவர்களும் வீட்டிலிருந்தபடியே ஓட்டளிக்கலாம் என்று ஏற்பட்டது. தேர்தல் அறிவிக்கை வெளியான 5 நாளுக்குள் 12-டி என்ற பாரத்தைக் கொடுத்தாக வேண்டும். நம் ஆச்சிக்கு அதற்கு இன்னும் ஐந்து வயது போதாது!

நாமக்கல்லில் அடைபட்ட கதவு

"இதற்கெல்லாம் மனு எதற்கு? தேர்தல் வரட்டும், நேரே கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கி விடுகிறேன்" என்று சில தீரர்கள் சொல்வார்கள். அவர்களுக்காக நம் ராஜ்யத்திலேயே நடந்த ஒரு கதையைச் சொல்ல வேண்டும்.

சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தல் சமயம். சேலம் ஜில்லா நாமக்கல் தொகுதியில் சட்டசபைக்கு நிற்க விரும்பிய என்.பி. பொன்னுசாமி என்பவரின் மனுவை, 1951 நவம்பரில் தேர்தல் அதிகாரி தள்ளி விட்டார். பொன்னுசாமி சென்னை ஹைகோர்ட்டுக்குப் போனார். அங்கே பலிக்கவில்லை. டில்லியில் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1952 ஜனவரி 21-ந் தேதி தீர்ப்பு வந்தது.

அரசியல் சாசனத்தின் 329-ஆம் ஷரத்து, தேர்தலைத் தேர்தல் வழக்கின் மூலமாகத் தவிர வேறு விதத்தில் எதிர்க்கக் கூடாது என்கிறது. 'தேர்தல்' என்றால் ஓட்டுப் போடும் ஒரு நாள் மட்டும் அல்ல, அறிவிக்கையிலிருந்து முடிவு வரையில் முழுவதும் தேர்தல்தான் என்று சுப்ரீம் கோர்ட் சொல்லி விட்டது. நடுவில் ஆளுக்கு ஒரு வழக்குப் போட்டால் தேர்தல் எப்போது முடிவது? எல்லாக் குறைகளையும் கடைசியில் ஒரே வழக்கில் சொல்லிக் கொள்ளுங்கள் என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

தேர்தலைத் தடுக்காமல், அது நேராக நடக்க உதவும் உத்தரவை மட்டும் கோர்ட் போடலாம் என்று 2000-ஆம் வருஷத்தில் ஒரு சிறு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறார்கள். என்றாலும் பெரிய கதவு அடைத்தே இருக்கிறது. முதல் மடையை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான். அறிவிக்கை வந்த பிறகு விழித்துக் கொண்டால் ஆச்சி பாலத்தைச் சுற்றத்தான் வேண்டும்.

இரண்டாம் மடை: தேர்தல் நாளன்று

சாவடிக்குள் போய் விட்டோம். இங்கே ராஜா, மந்திரி எல்லாம் சாவடித் தலைமை அதிகாரிதான். ஆனால் அவர் கையையும் விதிகள் கட்டியிருக்கின்றன.

ஓர் அபேட்சகரின் ஏஜெண்டு உங்களைப் பார்த்து, "இவர் அந்த ஆள் அல்ல" என்று ஆட்சேபிக்கலாம். ஆனால் சும்மா ஆட்சேபிக்க முடியாது. தலைமை அதிகாரியிடம் 2 ரூபாய் ரொக்கம் கட்ட வேண்டும்! இந்தக் காலத்தில் 2 ரூபாய்க்கு அரை டீ கூடக் கிடைக்காது. ஆனாலும் விதி அதுதான். அதிகாரி ஜாபிதாவில் உள்ள விவரத்தை உங்களுக்கு வாசித்துக் காட்டி, நீங்கள்தானா என்று கேட்டு, அங்கேயே விசாரிப்பார். ஆட்சேபம் ருசுவாகாவிட்டால் நீங்கள் ஓட்டுப் போடலாம். வேண்டுமென்றே செய்த ஆட்சேபம் என்று தெரிந்தால் 2 ரூபாய் சர்க்காருக்குப் போய் விடும். ஆகவே யாராவது கை நீட்டிய உடனே பயந்து வெளியே வந்து விடாதீர்கள்.

இனி, உங்கள் பெயரில் ஏற்கெனவே யாரோ ஓட்டுப் போட்டு விட்டார்கள் என்று வைத்துக் கொள்வோம். இதற்குத்தான் 49-பி விதி இருக்கிறது. அதிகாரி கேட்கும் கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொல்லி, நீங்கள்தான் உண்மையான ஆள் என்று காட்டினால், உங்களுக்கு ஒரு காகித ஓட்டுச் சீட்டு தர வேண்டும். அதற்கென்று உள்ள பட்டியலில் கையெழுத்துப் போட்டு விட்டு, சீட்டில் குறியிட்டுக் கொடுக்க வேண்டும். அதைத் தனி உறையில் வைப்பார்கள். இதற்கு டெண்டர் ஓட்டு என்று பெயர்.

ஒன்றை மறைக்காமல் சொல்லி விட வேண்டும். சாதாரண எண்ணிக்கையில் அந்த உறையைத் திறப்பதில்லை. பிறகு எதற்கு என்கிறீர்களா? 2008 டிசம்பரில் ராஜஸ்தானத்து நாத்துவாரா தொகுதியில் சி.பி. ஜோஷி ஒரே ஓர் ஓட்டில் தோற்றார். அந்த வழக்கில் டெண்டர் ஓட்டுக்களைப் பற்றிய விவாதம் 2011-இல் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயிற்று. ஒரு ஓட்டு வித்தியாசம் வரும் போதுதான் அந்த உறையின் மதிப்புத் தெரியும். திரும்பிப் போனவருடைய ஓட்டுக்கு எந்த உறையும் கிடையாது.

மணி அடித்து விட்டதா? 2024-இல் நம் ராஜ்யத்தில் காலை 7 முதல் மாலை 6 வரை ஓட்டுப் பதிவு நடந்தது. சாவடியை மூடுவதற்கு முன் அங்கே வந்து சேர்ந்த அத்தனை பேரையும், எவ்வளவு நேரம் ஆனாலும், ஓட்டளிக்க விட வேண்டும் என்பது விதி. ஆனால் நீங்கள் முன்னால் வந்தீர்களா, பின்னால் வந்தீர்களா என்று தகராறு வந்தால், தலைமை அதிகாரி சொல்வதே முடிவு. அதற்கு மேல் பேச்சில்லை. ஆகவே ஐந்தரை மணிக்குக் காப்பி குடித்துக் கொண்டிருக்காதீர்கள்!

இயந்திரத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால், கண்ணாடிக்குப் பின்னே சீட்டு 7 விநாடி தெரியும். அதில் வேறு சின்னம் வந்ததாகத் தோன்றினால் உடனே சொல்லலாம். எழுதிக் கொடுத்தால், ஏஜெண்டுகள் முன்னிலையில் சோதனை ஓட்டுப் போடச் சொல்வார்கள். உண்மை என்று தெரிந்தால் ஓட்டுப் பதிவையே நிறுத்த வேண்டும். பொய் என்றால் தண்டனை உண்டு. விளையாட்டுக்குச் சொல்லக் கூடாது.

வெளியே முறைகேடு நடந்தால் 1950 என்ற டெலிபோன் நம்பருக்குச் சொல்லலாம். ஜனங்கள் விழிப்பாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வேளச்சேரியே சாட்சி. 2021 ஏப்ரல் 6-ந் தேதி சட்டசபைத் தேர்தல் முடிந்த நேரம். 92-ஆம் நம்பர்ச் சாவடியின் இயந்திரங்களைச் சிலர் ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டு போனார்கள். தெருவில் இருந்தவர்கள் வழிமறித்தார்கள். விசாரணையில், அதில் இருந்த விவிபேட் கருவி அன்று சிறிது நேரம் உபயோகத்தில் இருந்தது என்று வெளியாயிற்று. ஏப்ரல் 17-ந் தேதி அந்தச் சாவடிக்கு மறு தேர்தல் நடந்தது. வக்கீல் இல்லை, கோர்ட் இல்லை. கண்ணைத் திறந்து வைத்திருந்த ஜனங்கள்தான்.

மூன்றாம் மடை: முடிந்த பிறகு

எல்லாம் முடிந்த பிறகும் ஒரு வழி இருக்கிறது. அந்த வழிக்கு மூல புருஷன் இங்கிலாந்தில் ஐல்ஸ்பரி என்ற ஊரில் இருந்த ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளி. மாத்யூ ஆஷ்பி என்று பெயர். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவன் ஓட்டுப் போடப் போனான். உத்தியோகஸ்தர்கள் அவனை அனுமதிக்கவில்லை. இத்தனைக்கும் அவன் ஓட்டளிக்க நினைத்த அபேட்சகரே ஜெயித்து விட்டார்! வேறொருவனாக இருந்தால், "சரிதான், நம்ம ஆள்தானே ஜெயித்தார்" என்று இருந்திருப்பான். ஆஷ்பி வழக்குப் போட்டான். ஜூரிகள் 5 பவுன் நஷ்ட ஈடு கொடுத்தார்கள். மேல் கோர்ட்டில் மூன்று நீதிபதிகள் அவனுக்கு விரோதம். தலைமை நீதிபதி ஹோல்ட் ஒருவர்தான் அவன் பக்கம். ஓர் உரிமை இருக்கிறது என்றால் அதைக் காப்பாற்றிக் கொள்ள ஒரு வழியும் இருந்தே தீர வேண்டும் என்பது அவர் கட்சி. 1704-இல் பிரபுக்கள் சபை அந்தக் கட்சியையே ஒப்புக் கொண்டது.

நம் சட்டம் ஆஷ்பியைப் போல் 5 பவுன் தராது. ஆனால் வாக்காளராக உள்ள யாரும், முடிவு வந்த 45 நாளுக்குள், ஹைகோர்ட்டில் தேர்தல் வழக்குப் போடலாம். 2,000 ரூபாய் டெபாசிட் கட்ட வேண்டும். விதி மீறல் நடந்தது என்று காட்டினால் மட்டும் போதாது; அதனால் முடிவே பாதிக்கப்பட்டது என்றும் காட்ட வேண்டும். அதுதான் கஷ்டமான பகுதி.

ஸ்ரீவைகுண்டம் அடங்கிய தூத்துக்குடி பார்லிமெண்டுத் தொகுதியிலேயே இதற்கு உதாரணம் உண்டு. 2019-இல் கனிமொழி ஜெயித்ததை எதிர்த்து அந்தத் தொகுதி வாக்காளர் ஒருவர் வழக்குப் போட்டார். அது சாவடியைப் பற்றியது அல்ல, வேட்பு மனுவோடு தந்த சொத்து விவரப் பிரமாணத்தைப் பற்றியது. சாதாரண வாக்காளர் போட்ட வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. ஆனால் வேண்டிய சங்கதிகளைக் குறிப்பாகச் சொல்லவில்லை என்று 2023 மே மாதத்தில் அதைத் தள்ளி விட்டார்கள். கதவு எல்லாருக்கும் திறந்திருக்கிறது. உள்ளே போகும் போது கையில் ஆதாரம் இருக்க வேண்டும்.

தாமதமும் ஒரு சங்கடம். 2016-இல் திருநெல்வேலி ஜில்லா ராதாபுரத்தில் அப்பாவு 49 ஓட்டில் இன்பதுரையிடம் தோற்றார். தபால் ஓட்டுக்களைத் தள்ளியது சரியல்ல என்று வழக்கு. 2019 அக்டோபரில் ஹைகோர்ட் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது, எண்ணவும் எண்ணினார்கள். முடிவை வெளியிடச் சுப்ரீம் கோர்ட் தடை விதித்தது. 2021-இல் அந்தச் சட்டசபையின் ஆயுளே முடிந்து விட்டது!

மூன்று மடைகளில் கடைசியில் உள்ளது தண்ணீர் வந்து சேர வெகு நாளாகும். நடுவில் உள்ளதற்கு ஒரே ஒரு பகல் பொழுதுதான். முதலாவது மடைதான் நிதானமாகத் திறந்திருக்கிறது; செலவு ஒரு வெள்ளைத் தாளும் கொஞ்சம் நடையும். அதன் வாசலில்தான் கூட்டமே இல்லை.

நம் ஆச்சியிடம் திரும்புவோம். பேரன் மனுவை எழுதி முடித்து விட்டான்.

"ஆச்சி, இதுல ஒரு கையெழுத்துப் போடு."

"நான் போட்டா மாறிருமால?"

"தெரியாது ஆச்சி. ஆனா போடலேன்னா மாறவே மாறாது."

ஆச்சி மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக் கொள்கிறாள். திருடனுக்காகக் கள்ளபிரான் அரசன் முன்னால் போய் நின்றது சரிதான். தாலுக்கா ஆபீஸில் நமக்காக அவர் வந்து நிற்க மாட்டார். அங்கே நாமேதான் போய் நிற்க வேண்டும்.